பின்சீட்டுக்கு அடியில்

இஞ்சினை அணைத்துவைத்தால் பாட்டு சுத்தமாகக் கேட்டது. சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினால் போதும், பாட்டுக்குப் பின்னால் மெல்லிய விசில் ஒன்று எழும்பும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். காலை எடுத்தால் இறங்கும். கொசு ஒன்று காதுக்குள்ளேயே குடிவந்துவிட்ட மாதிரி.

அதைக் கேட்டாலே தேவகிருபைக்குப் பல் கூசியது. காரில் பாட்டுப் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், நாலு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கடைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து மாட்டியவள் அவள்தான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். பத்து வருஷமாக ஒரு லைன் முழுக்கத் தையல் மெஷின் மோட்டார்களைக் கட்டி மேய்க்கிறவள். அவள் மாட்டிய ஒயர் ஒன்று இப்படி ஊரைக் கூட்டுவது அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

அதைவிடப் பெரிய அவமானம் அவள் புருஷன் வில்சனின் வாய். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருக்கிறான். யாரை வண்டியில் ஏற்றினாலும் முதல் வேலையாகச் சத்தத்தைக் கூட்டிவைப்பான்.

"பாட்டுக்கு நடுவுல ஒருத்தர் விசில் அடிக்கிறாரு கேக்குதா? அவரு எங்க வீட்டம்மா ஃபிட்டிங்."

சர்ச் முடிந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்தபடியே சிக்னலில் வண்டியை நிறுத்தி, வீட்டுச் சாவியால் காதைக் குடைந்து, சாவி நுனியைப் பார்த்துவிட்டுப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேவகிருபை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கார் புதிது இல்லை. வில்சனின் தம்பி ஷாஜினுடையது. அவன் பச்சைத் தோல் ஏஜென்ட். கிராமங்களில் ஆட்டுத்தோல் வாங்கி உப்புப் போட்டு டேனரிகளுக்குக் கொடுப்பவன். வேறு பெரிய வண்டி எடுத்ததும் பழையதை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டான். "குடும்பத்தோட கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போன வண்டி" என்று வில்சன்தான் அவளிடம் சொன்னான். கதவைத் திறந்தால் புது பெயின்ட் வாசனையும் மல்லிகை சென்ட் வாசனையும் ஒன்றாக வந்து மூக்கில் அறைந்தன. கார்ப்பெட் கூட பளிச்சென்று இருந்தது.

விசிலை ஒழிக்க அவள் ஒரு மாதம் பாடுபட்டாள். பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரும் பாட்டு போகும் மெல்லிய ஒயரும் உரசிக்கொண்டு போகக்கூடாது என்று ஒன்றை வலப்பக்கமும் ஒன்றை இடப்பக்கமுமாகப் பிரித்துப் போட்டாள். விசில் கொஞ்சம் கம்மியான மாதிரி இருந்தது. மறுநாள் பழையபடி வந்துவிட்டது. வேலூர் போய், கார் சாமான் கடை வைத்திருக்கும் குர்ஷித் பாயிடம் ஃபில்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டினாள். அதற்கும் மசியவில்லை. திரும்பவும் போனபோது அவர் சொன்னார்.

"ஃபில்டர் காய்ச்சலுக்கு மாத்திரை மாதிரிம்மா. காய்ச்சல் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. எர்த்து எங்க அடிச்சிருக்கீங்க?"

"பின்சீட்டுக்கு அடியில. சீட் பெல்ட் போல்ட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன போல்ட் இருந்துச்சி, அதுல."

"பெயின்ட்டைச் சொரண்டினீங்களா?"

அவள் சுரண்டவில்லை. புது பெயின்ட் அவ்வளவு அழகாக இருந்தது, கெடுக்க மனசு வரவில்லை. பெயின்ட் மேல் மாட்டினால் எர்த் தகட்டைத் தொடாது; ஐடிஐ முதல் வருஷத்துப் பையன் செய்கிற தப்பு. வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவளுக்கு லீவு. வில்சன் அரை நாள் ஆபீஸ் போயிருந்தான். ஏழு வயசு மகள் கரோலின் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். தேவகிருபை கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்த மீட்டரை எடுத்தாள். ஒரு முனையை நீளமான ஒயர் போட்டு பேட்டரியின் நெகடிவ்வில் மாட்டினாள். மறுமுனையை ஆம்ப்ளிஃபையரின் எர்த்தில் வைத்தாள். இஞ்சினைப் போட்டு, பாட்டையும் போட்டாள். எர்த் ஒழுங்காக இருந்தால் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்தை விட்டு நகரக்கூடாது. இங்கே முக்கால் வோல்ட்டுக்கும் ஒரு வோல்ட்டுக்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தது.

"இதோ மாட்டுன" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இஞ்சினை அணைத்தாள். பின்சீட்டைத் தூக்கிவிட்டு போல்ட்டில் ஸ்பானரை வைத்தாள். பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. இரண்டு விரலால் இழுத்தாள். போல்ட் அப்படியே கையோடு வந்தது. கூடவே தகடும் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. கருகிய அப்பளம் மாதிரி அது விரலிலேயே பொடிந்தது.

கார்ப்பெட்டின் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். அடியில் கறுப்பு ரப்பர் ஷீட் ஒன்று. அதையும் கத்தியால் கீறி இழுத்தாள். பசையோடு சளசளவென்று அது விலகியபோது எழும்பிய வாடையில் அவள் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள்.

தோல் வாடை அவளுக்குப் புதிது இல்லை. அவள் தெருவில் காற்று திரும்பினால் டேனரி வாடைதான். அதோடுதான் பல் விளக்குவதும் சாப்பிடுவதும். ஆனால் இது மாதக்கணக்கில் மூடிவைத்து அழுகவிட்ட வாடை. ஷீட்டுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தது. ஓரங்களில் உப்பு கல் கல்லாகப் பூத்துக்கிடந்தது. கறுப்பும் வெள்ளையுமாய் ஆட்டு மயிர் பெயின்ட்டிலேயே ஒட்டிப்போயிருந்தது. கார்ப்பெட்டின் அடிப்பக்கத்தில் ரோமம் முளைத்த சின்னச் சின்னப் புழுக்கள், தோலை அரிக்கும் புழுக்கள், வெளிச்சம் பட்டதும் மடிப்புக்குள் ஊர்ந்தன. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி, கரோலின் போன வாரம் சிந்திய பிஸ்கட் தூள் கிடந்தது.

தேவகிருபை இறங்கிப் போய்க் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஸ்க்ரூடிரைவரால் தகட்டை லேசாகக் குத்தினாள். உள்ளே போய்விட்டது. பக்கத்தில் குத்தினாள். அங்கேயும் போனது. ஓட்டை வழியே வாசல் சிமென்ட் தரை தெரிந்தது. குத்திக்குத்திக்கொண்டே போய், சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் பெரிய போல்ட்டைத் தொட்டாள். அது அசைந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நாட்றம்பள்ளியில் அம்மா வீட்டுக்கு ஹைவேயில் போகும்போது, கரோலினை இந்த பெல்ட்டில்தான் இறுக்கிக் கட்டி உட்காரவைப்பாள்.

உடனே ஷாஜினுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இந்தக் கார்ல தோல் ஏத்துனீங்களா?"

"எப்பனா லாரி வராத நாள்ல, நெமிலி பக்கமிருந்து நாலு உப்புத் தோல் போட்டுக்கினு வந்திருப்பேன் அண்ணி."

"எத்தினி நாளு?"

"ஒரு ரெண்டு வருஷம் இருக்கும்." அவன் குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. "அடியில துரு ஜாஸ்தி, வெல்டிங் வச்சி எடுத்துக்கோங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லித்தான குடுத்தேன். அண்ணனே ரெண்டு நாள் வந்து ஷீட் ஒட்டி பெயின்ட் அடிச்சிக்கினு போனாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் ஞாபகம் வந்தது. வில்சன் நகக்கண் எல்லாம் கறுப்பு பெயின்ட்டோடு வந்தான். பள்ளிக்கூட கேட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வரவில்லை, நானே அடித்தேன் என்றான். பாவம் என்று, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் துடைத்துவிட்டவள் அவள்தான். அதை நினைத்ததும் தன் கையைச் சேலையில் அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

ஆனாலும் தொட்ட வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை அவள். தடித்த ஒயர் ஒன்றை ஆம்ப்ளிஃபையரிலிருந்து நேராக பேட்டரி நெகடிவ்வுக்கே இழுத்து முறுக்கினாள். இஞ்சினைப் போட்டாள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாள். விசில் இல்லை. பாட்டு மட்டும் கழுவிவைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக வந்தது. ஒரு மாதமாக அதற்காகத்தான் ஏங்கியிருந்தாள். இப்போது அரை நிமிஷம்கூடக் கேட்க முடியவில்லை. அணைத்துவிட்டு, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

வில்சன் வந்தபோது நாலு கதவும் திறந்து கிடந்தன. பின்சீட் வாசலில் இருந்தது.

"இன்னா கிருபா, திரும்ப ஒயரைப் பிரிச்சிட்டியா? அன்னிக்கே கடையில குடுத்திருந்தா இந்த பேஜார் இல்ல."

"ஒயர் சரியாத்தான் இருந்துச்சி. வாங்க, வந்து பாருங்க."

அவன் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஷாஜின் கிட்ட பேசிட்டேன்" என்றாள்.

வில்சன் மூக்கிலிருந்து கையை எடுத்தான். "சொன்னா நீ வண்டியே வேணாம்னு சொல்லியிருப்ப" என்றான்.

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"மேலாக்கத் துருன்னுதான் நெனச்சேன். ஆம்பூர்ல இருந்துக்கினு தோல் வாடைக்கு யாரு இவ்ளோ பண்ணுவாங்க?"

"வாடையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே. அந்தப் பெரிய போல்ட்டைப் பிடிச்சி இழுங்க."

அவன் தயங்கினான். அவள் நகரவில்லை. கையை நீட்டிப் பழுப்புத் தண்ணீரில் நனையாமல் போல்ட்டைப் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஊன்றிய விரல் தகட்டுக்குள் இறங்கிப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டவன் கையில் ஒரு புழு ஒட்டியிருந்தது. அதை உதறிவிட்டு, இன்னொரு கையால் போல்ட்டைப் பிடித்தான். அது பல் மாதிரி ஆடியது.

"உங்க பொண்ணு பெல்ட்டு இது" என்றாள் தேவகிருபை. "இத மூடி பெயின்ட் அடிச்சீங்க. அடிச்சிட்டு, ஊருல இருக்கறவன் எல்லாரையும் ஏத்தி வச்சி என் வேலையைப் பாத்துச் சிரிச்சீங்க."

அவன் தெருக்குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தான். மத்தியானம் அவன் தட்டில் சோறு வைத்தாள். தான் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை வண்டியை தகடு வேலை செய்யும் டிங்கரிடம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனது அவன்தான். அடித்தகடு மொத்தத்தையும் வெட்டி எடுத்துப் புதுசு வைக்கவேண்டும், இன்னொரு மழைக்காலம் போயிருந்தால் சீட்டே கழன்றிருக்கும் என்று டிங்கர் சொன்னாராம். அதை மறைக்காமல் வந்து அவளிடம் சொன்னான். அடுத்த நாள், அவள் கேட்காமலே, ஷாஜினையும் சர்ச் ஆட்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தப்பு ஃபிட்டிங்கில் இல்லை, தன்னிடம்தான் என்றும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். நன்றாகத்தான் சொன்னான். ஆனால் பேசும்போதே அவன் சாவியை எடுத்துக் காதில் விட்டான். அவள் வெளியே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாட்றம்பள்ளிக்கு பஸ்ஸில் போனார்கள். மூன்று பேர் உட்காரும் சீட் ஒன்று காலியாக இருந்தது. வில்சன் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் இடம் காட்டினான். தேவகிருபை கரோலினை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

வாணியம்பாடி தாண்டியதும் அவன் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"இன்னும் கோவமா?"

"கோவம் அன்னிக்கே போய்டுச்சிங்க" என்றாள் அவள், மகளின் தலையைக் கோதியபடி. "உங்க பக்கத்துல உக்காரத்தான் பிடிக்கல."

கண்டக்டர் நகரச் சொல்லிக் குரல் கொடுத்தார். வில்சன் தன் இடத்துக்குத் திரும்பினான். அங்கே யாரோ உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஊர் வரும்வரை அவன் நின்றுகொண்டே வந்தான்.