சிறுக்காத சூரியன்

அந்த வீட்டில் வாக்குவாதம் என்று வந்துவிட்டால் போட்டோ ஸ்டூடியோக்காரிக்குத் தோல்விதான். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்துவிடும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துக் கைகழுவப் போயிருப்பார்கள். அவள் கொழுந்தன் அதற்கு நேர் எதிர். எலக்ட்ரீஷியன். ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டே கீழே நிற்பவர்களுக்கு உலகத்தை அளந்து கொடுத்துவிடுவான். ஒரு வருஷமாக அவன் அளந்த உலகம் தட்டையாக இருந்தது.

"பூமி ஒரு தட்டு, அண்ணி. அதுக்கு மேல ஒரு விளக்கு வட்டமா சுத்துது. அதுதான் சூரியன். நம்ம தலைக்கு மேல வந்தா பகல், தள்ளிப் போனா ராத்திரி. இதுல என்ன கஷ்டம்?"

"அப்ப அஸ்தமனம்?" என்றாள் அவள்.

"அது கீழ எங்கயும் இறங்கல. தூரமாப் போகுது. தெருவிளக்கு வரிசையைப் பாருங்க, கடைசி விளக்கு தரையோட தரையாத் தெரியும். அதே கதைதான்."

அவள் கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அட, ஆமால்ல!" என்றான். அவளுக்கு எங்கேயோ இடித்தது. கடைசி விளக்கு தாழ்வாக மட்டுமா தெரிகிறது, பொடியாகவும் தெரிகிறதே என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பேச்சு நிலாவுக்குத் தாவிவிட்டது.

கொழுந்தன் ஒரு தட்டைப் பூமிச் சங்கத்தில் சேர்ந்திருந்தான். சங்கக் கூட்டத்துக்கு பேனர் அடிக்கும் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"மத்தியானச் சூரியன் ஒண்ணு, சாயங்காலச் சூரியன் ஒண்ணு. அது பெரிசு, இது சின்னது. பக்கத்துல பக்கத்துல போட்டா எவனும் வாயைத் திறக்க மாட்டான். நீங்கதான் எடுத்துத் தரணும் அண்ணி."

"எடுக்கறேன், தம்பி. ஆனா ஒரே லென்ஸ்லதான் எடுப்பேன். ஜூம் நகராம டேப் ஒட்டணும். ஒட்டறது நீங்க."

அவனே ஒட்டினான். ஒட்டிய இடத்தில் பேனாவால் கையெழுத்தும் போட்டான். லென்ஸ் முன்னால் கரிய ஃபில்டரை மாட்டி, உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு படம் எடுத்தாள். சாயங்காலம் அதே இடத்தில் நின்று இன்னொன்று. கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். மாலைச் சூரியன் சிவந்து, மேலும் கீழும் கொஞ்சம் நசுங்கியிருந்தது. அகலம் மட்டும் மத்தியானச் சூரியனோடு அச்சாகப் பொருந்தியது.

"படத்தை மாத்தி வெச்சுட்டீங்களா?" என்றான் கொழுந்தன்.

"எதை மாத்தறது? ரெண்டும் ஒரே அளவுதானே."

நம்பாமல் மறுநாள் கேமராவை அவனே வாங்கிப் போய் எடுத்துவந்தான். அப்போதும் அதேதான். பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். அந்த முகத்தைப் படம் பிடித்திருந்தால் எந்த அலுவலகத்திலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஏதாவது சாக்குச் சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள்.

"பேனர் அடிங்க அண்ணி."

"எந்தப் படத்தை வெச்சு?"

"இந்த ரெண்டையும்தான். சின்னதாக்கிப் பொய்ப் படம் தூக்கிட்டுப் போக என்னால முடியாது. ஆனா நீங்களும் கூட வரணும்."

கூட்டம் ஒரு மரச்சாமான் கடையின் மேல்மாடியில் நடந்தது. கடைக்காரர்தான் சங்கத் தலைவர். பேனரை விரித்ததும் கூடம் சலசலத்தது. தலைவர் மட்டும் அசரவில்லை.

"சாயங்காலக் காத்து பூதக்கண்ணாடி மாதிரிப்பா. தூரப் போன விளக்கைப் பெரிசாக் காட்டுது."

கைதட்டல் எழுந்தது. கொழுந்தன் திரும்பி அண்ணியைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். இந்தமுறை பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போக யாருமில்லை. காத்திருந்தார்கள்.

"சரிங்க, காத்து பெரிசாக்குதுன்னே வெச்சுக்குவோம்" என்று எழுந்தாள். "விளக்கு எவ்வளவு சிறுக்குதோ, சரியா அவ்வளவு பெரிசாக்கணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மழை பெஞ்சாலும், புழுதி பறந்தாலும், மத்தியானத்துலேர்ந்து ஒரு நிமிஷம் தவறாம அப்படியே செய்யணும். நான் காசு போட்டு வாங்கின லென்ஸே அவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாதுங்க!"

பின் வரிசையில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளைத் தூக்கிவிட்டது.

"அப்புறம், தூரமாப் போற விளக்கு புள்ளியாகித்தான் மறையும். அடிப்பாதி வெட்டுப்பட்டு, மேல்பாதி முழு அகலத்தோட நிக்குமா?"

"அப்படி நிக்குதுன்னு யாரும்மா பார்த்தது?" என்றார் தலைவர்.

"நீங்களே பார்க்கலாம். வெயில் சாயுது, மேல வாங்க."

நாற்காலிகள் தடதடக்க மொத்தக் கூட்டமும் மொட்டை மாடிக்கு ஏறியது. மேற்கே கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் திரையில் சூரியனைக் கொண்டுவந்தாள். திரையில் தெரிந்த சிவப்பு வட்டத்தின் இரு ஓரத்திலும் கொழுந்தன் டேப் துண்டு ஒட்டினான். வட்டம் இறங்கியது, அவள் கேமராவைக் கூடவே இறக்கினாள். தரையைத் தொட்டது. அடிவிளிம்பு கத்தியால் சீவியதுபோல் போயிற்று. பிறகு இன்னும் கொஞ்சம். பாதி மறைந்தபோதும் இரண்டு டேப்புக்கும் நடுவில் அகலம் அப்படியே நின்றது.

"சிறுக்கல! கொஞ்சம்கூடச் சிறுக்கல!" என்று கத்தினான் கொழுந்தன். ஒரு வருஷமாக வேறு கட்சியில் இருந்தவன் போலவே இல்லை. அவனோடு சேர்ந்து பத்துப் பேர் கத்தினார்கள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் மூக்கு இடிக்கக் குனிந்திருந்தார். கடைசிக் கீற்றும் மறையும் வரை நிமிரவில்லை.

"விளக்கு விளக்குன்னு இத்தனை நாள் பேசியிருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒருநாளும் இப்படி நின்னு பார்த்ததில்லம்மா." கொஞ்சம் தயங்கி, "இப்ப அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

"போகலைங்க. நாமதான் திரும்பிட்டோம்."

"புரியற மாதிரிச் சொல்லு."

கொழுந்தன் கீழே ஓடி, விற்பனைக்கு வைத்திருந்ததிலேயே பெரிய நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். "வழி விடுங்க! அண்ணி பேசப் போறாங்க!"