இருநூற்று எழுபத்தொன்றில் ஒரு ‘நீ’

நான்கு வருடமாக என் வருங்கால மாமியார் என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். எங்கள் ஜெர்மன் ஊர்ப் பக்கத்தில் அதை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வாசலோடு நில் என்று அர்த்தம். மூத்தவர்தான் முதலில் ‘நீ’ என்று கூப்பிட்டு உள்ளே அழைக்க வேண்டும். அதுவரை இளையவளும் ‘நீங்க’ போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். செப்டம்பரில் எனக்கும் அவர் மகன் அன்செல்முக்கும் கல்யாணம். அதற்குள் எனக்கு அந்த ‘நீ’ வேண்டும். அன்செல்மிடம் சொன்னால், “எங்கம்மா அப்பாவையே ரெண்டு வருஷம் நீங்கன்னுதான் கூப்பிட்டாங்களாம்,” என்பான். இது ஆறுதலா?

மாமியார் ஃப்ராவ் டோர்ன், அதாவது திருமதி டோர்ன், ஓய்வுபெற்ற நீதிபதி. வேகமாக ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு முப்பது வருடம் அபராதம் போட்டவர். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் வேலை பார்க்கும் கார் ஷோரூமுக்கு வந்து, அறுநூற்று இருபது குதிரைத்திறன் உள்ள கறுப்பு செடானை ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து டயரைப் பார்த்தார்.

“ஃப்ராவ் லைட்னர், இதை ஓட்டிப் பாக்க விடுவீங்களா?” என்று என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“தாராளமா. யாருக்கு வாங்குறீங்க?”

“பாதிரியாருக்கு. எனக்குத்தாங்க, வேற யாருக்கு?”

ஓட்டுபவரின் பெயரைக் கார் கேட்கும். ஹில்ட்ரூட் என்று அவர் முதற்பெயரை நானே பதிந்துவைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தியதும் எட்டு சிலிண்டரும் ஒன்றாகக் கனைத்துக்கொண்டன. “வணக்கம் ஹில்ட்ரூட். இன்னைக்கு நீ எங்க போற?” என்றது கார்.

ஃப்ராவ் டோர்ன் திரையைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“யாரு இவன்? என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவனா?”

“அது எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடும். மாத்த வழி இல்ல. மன்னிச்சுக்கோங்க.”

“போலீஸ்காரரை நீன்னு கூப்பிட்ட ஒருத்தனுக்கு நான் அறுநூறு யூரோ போட்டிருக்கேன், தெரியுமா?”

நான் பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். ஊருக்குள் ஒரு முட்டுச்சந்தில் திரும்ப வேண்டியிருந்தது. ஐந்து மீட்டர் நீளமுள்ள வண்டி, பின்சக்கரங்களும் சேர்ந்து திரும்பியதால், சின்னக் கார் மாதிரி ஒரே வளைப்பில் திரும்பிவிட்டது. அவர் புருவம் ஏறியது. பிறகு கார் கேட்டது: “முதுகு வலிக்குதா ஹில்ட்ரூட்? பிடிச்சு விடட்டுமா?” அவர் உதட்டைச் சுழித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருக்கை மெல்ல அவர் முதுகைப் பிசைந்தது.

“வலது பக்கம். இன்னும் கொஞ்சம் மேல,” என்றார். கார் கேட்டுக்கொண்டது. “கெட்டிக்காரன்.”

நெடுஞ்சாலையில் இங்கோல்ஷ்டாட் ஊரைத் தாண்டியதும் வேக எல்லை முடிந்ததென்று சொல்லும் வெள்ளைப் பலகை வந்தது. கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், இடது தடத்துக்குப் போனார், மிதித்தார். நான் கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். வண்டி தானாகவே தரையோடு தாழ்ந்துகொண்டது. நூற்றுத் தொண்ணூறு, இருநூற்றுப் பத்து. கப் வைக்கும் குழியில் இருந்த தண்ணீர் பாட்டில் அசையவே இல்லை.

“இருநூத்தி நாப்பது,” என்றார். “சட்டப்படி.” பிறகு, “இருநூத்தி அறுபது. சட்டப்படி.” அப்புறம் சிரித்தார். நான்கு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது, இரண்டு பேரும் காரணமே இல்லாமல் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அந்த மயக்கத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்து, “இனிமே நீ என்னைத் தாராளமா ஹில்ட்ரூட்னு கூப்பிடலாம்,” என்றார். காரிடம்.

எனக்குப் பொறாமையில் உடம்பெல்லாம் எரிந்தது. நான்கு வருடம் ஞாயிறு தவறாமல் பிளம்ஸ் கேக் சுட்டுக் கொண்டுபோனவள் நான். பத்து நிமிடம் முதுகு பிடித்தவனுக்கு ‘நீ’.

இருநூற்று எழுபத்தொன்றில், மஞ்சள் எண்பலகை மாட்டிய ஒரு நெதர்லாந்துக்காரர், கேரவன் என்ற சக்கர வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு, சாவகாசமாக எங்கள் தடத்துக்குள் வந்தார்.

“வேரெனா, பிடிச்சுக்கோடி!”

பெல்ட் என்னை இருக்கையோடு இறுக்கியது. வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகவே வேகம் குறைந்து, தொண்ணூறுக்கு வந்து, கேரவனுக்குப் பின்னால் அடக்கமாக ஊர்ந்தது. நெதர்லாந்துக்காரர் கையை ஆட்டி நன்றி சொன்னார்.

‘டி’. அதுவும் என் பெயரோடு. இருவர் காதிலும் விழுந்துவிட்டது. ஃப்ராவ் டோர்ன் தொண்டையைச் செருமினார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லைங்க,” என்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அடுத்த ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு காகிதக் கோப்பைகளில் காபி.

“கையை நீட்டு,” என்றார். தன் முழங்கையை என் முழங்கைக்குள் கோத்துக்கொண்டார். இப்படிக் கை கோத்துக் குடித்துப் பெயர் சொல்லிக்கொண்டால் அன்றிலிருந்து ‘நீ’ என்பது எங்கள் வழக்கம். முறைப்படி இதற்கு ஒயின் வேண்டும். வண்டி ஓட்டுகிறவர் நீதிபதி என்பதால் காபி. “ஹில்ட்ரூட்.”

“வேரெனா,” என்றேன். கோத்த கையோடு குடிக்கப் போய்க் காபியை அவர் சட்டைக்கையில் கொட்டிவிட்டேன்.

“வாய் தவறித்தான் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கொடுத்த ‘நீ’யைத் திருப்பி வாங்குறது கேவலம். சாட்சி வேற இருக்கு,” என்று காரைக் காட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. “ரொம்ப நன்றி... நீங்க...”

“அந்தக் கார் முதல் நிமிஷத்துலயே நீன்னு சொல்லிடுச்சு. உனக்கு நாலு வருஷம் பத்தலையா?” சாவியை என் கையில் வைத்தார். “நீ ஓட்டு. முந்நூறைத் தொட்டா ‘நீ’ தானா வரும்.”

முந்நூற்றிரண்டில் வந்தது. “ஹில்ட்ரூட், நீ கொஞ்சம் கத்தாம வா,” என்றேன்.