எல்லோரும் படிக்கலாம்

கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில் அந்த விதிக்காக முதலில் எழுந்து பேசியவள் ஃபெமினாதான். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கிற ஆய்வுக் கட்டுரைகள் எதற்கு, எல்லாவற்றையும் யாரும் படிக்கும்படி கல்லூரி இணையதளத்தில் போட்டாக வேண்டும் என்றாள். "மக்களைப் பத்தி எழுதறோம். மக்கள் படிக்க வேண்டாமா?" என்று கேட்டபோது கைதட்டினார்கள். விதி நிறைவேறியது. அவளுடைய பழைய கட்டுரைகளும் தளத்தில் ஏறின.

அடுத்த மாதமே அன்னூரிலிருந்து புவனா போனில் கூப்பிட்டாள். நூல் மில்லில் வேலை பார்ப்பவள். ஃபெமினா ஆய்வு மாணவியாக இருந்தபோது மில் பெண்களைப் பற்றி எழுத அவள் வீட்டுக்குத்தான் போய்ப் போய் வந்தாள். பசித்த நேரத்தில் அங்கேயே சாப்பிட்டாள். அப்போது வாய் நிறைய அம்மணி என்று கூப்பிட்டவள், இப்போது மேடம் என்றாள்.

"ஏனுங்க மேடம், எம் பொண்ணு தேஜஸ்ரீ காலேஜ் பிராஜக்ட்டுக்குத் தேடறப்ப உங்க கட்டுரை வந்துச்சுங்க. பேரை மாத்தியிருக்கறீங்க, ஆனா நாந்தானுங்க அது. போன்லயே தமிழாக்கி வாசிச்சா."

எந்தப் பத்தி என்று ஃபெமினாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. 'கணவன் அடித்ததை இவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவமானம் என்ற உணர்வே இவரிடம் மரத்துவிட்டது.' வெளிநாட்டில் நாலு பேராசிரியர்கள் படிப்பார்கள் என்று எழுதியது. புவனா படிப்பாள் என்று நினைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அன்னூர் பஸ் ஏறினாள். புவனா உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். தேஜஸ்ரீ உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

"அன்னைக்கு நான் அதைச் சொல்றப்ப நீங்க அழுதுபோடுவீங்களாட்ட இருந்துச்சுங்க. ஊட்டுக்கு வந்த புள்ளையை அழுக உடக் கூடாதுன்னுதான் சிரிச்சேன்."

"தப்பா எழுதிட்டேன்க்கா. எடுக்கச் சொல்லிடறேன்."

"எடுத்து என்னங்க பண்றது? தேஜஸ்ரீ, அவங்கப்பா போய்ச் சேந்ததுல இருந்து தெனமும் அவரு படத்துக்குப் பூ வெக்கறவ. அடிச்சதையெல்லாம் நான் அவகிட்டச் சொன்னதே இல்லீங்க. இப்பப் பூ வெக்கறதில்லை."

டீ ஆறிப்போனது. ஃபெமினாவால் அதைக் குடிக்கவும் முடியவில்லை, வைத்துவிட்டு எழவும் முடியவில்லை.

கட்டுரையை எடுக்க விதிவிலக்கு வேண்டுமென்றால் கல்லூரிக் குழுவில் காரணம் சொல்ல வேண்டும். ஃபெமினா எழுந்து நின்று அந்தப் பத்தியைத் தமிழில் வாசித்தாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டுரையை எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள்.

அதைச் சொல்ல அன்னூருக்குப் போன் செய்தாள். தேஜஸ்ரீதான் எடுத்தாள்.

"அம்மா மில்லுக்குப் போயிருக்காங்க," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.