மழைக்காலத்துக்கு ஒரு சாமி

"மாதா, கையை எடுங்க! சாமிக்குக் கழுத்து இறுகுது!"

"இறுகட்டும் சாமி! சிவன் மாலைக்கு ஒத்துக்கிட்டாத்தான் ஐயப்பன் மாலையை விடுவேன்!"

அனகாபள்ளி அனுமார் கோயில் வாசலில் நூகரத்தினம் புருஷனின் மாலையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். மாலை போட்டவன் பெண்டாட்டியையும் மாதா என்றுதான் அழைக்க வேண்டும்; அவளும் அவனைச் சாமி என்றுதான் திட்டியாக வேண்டும். இவ்வளவு மரியாதையான சண்டையை எங்கள் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

வெல்ல மண்டியில் மூட்டை தூக்கும் அப்பலராஜு, மாலை போட்டால் உத்தமன். விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளிப்பான், தனிப்பாயில் படுப்பான், தெருநாயைக்கூடச் சாமி என்பான். கழற்றிய அன்று மாலையே சாராயக்கடை. அப்புறம் நூகரத்தினத்தின் முதுகு. அதனால்தான் அவள் ஒரு சாமியிடமிருந்து இன்னொரு சாமிக்கு அவனைக் கைமாற்றிக்கொண்டே இருந்தாள். குளிருக்கு ஐயப்பன், மாசிக்குச் சிவன், வெயிலுக்கு அனுமார். மழைக்காலம்தான் இடித்தது.

"ஆடி ஆவணிக்கு ஏதாவது சாமி இருக்கா பந்துலுகாரு?" என்று பூசாரியிடமே கேட்டாள்.

"அவங்களுக்கும் ஓய்வு வேணாமாம்மா?" என்றார் அவர்.

நாங்கள் சிரித்தோம். அந்த ஆடியில் அவளுடைய மணிக்கட்டு முறிந்தபோது சிரிக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் கட்டுப்போட்ட கையோடு அவள் கேட்டாள்: "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்தீங்க?"

"நல்லா இருந்தது நீ போட்ட மாலை. அதையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டுக் காஜுவாக்காவுக்குப் பஸ் ஏறியவன்தான். அங்கே பெசரட்டு என்கிற பாசிப்பயறு தோசை வண்டி போட்டிருந்த பைடிதல்லி என்கிற விதவையோடு சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்தது. அதையாவது நூகரத்தினம் தாங்கிக்கொண்டாள். அவன் குடிப்பதில்லை என்று வந்த செய்தியைத்தான் தாங்க முடியவில்லை.

ஒருநாள் நேரே போனாள். அவன் குடித்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனதாக அவளே சொன்னாள். அவன் பூப்போட்ட சட்டையில், வெறுங்கழுத்தோடு, கல்லில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இஞ்சி வாசனைதான் வந்தது.

"இவருக்கு என்ன மாலை போட்ட?" என்று பைடிதல்லியிடம் கேட்டாள்.

"மாலையா? நான் எதுவும் போடலையேக்கா. குடிக்கிறதுன்னா குடிச்சுக்கய்யான்னேன். ஏனோ குடிக்கல."

"கையை ஓங்குவாரா?"

"ஒரே ஒரு தடவை. தோசைத் திருப்பியைக் காட்டினேன்."

அப்பலராஜு தலை நிமிரவில்லை. சுடச்சுட ஒரு பெசரட்டை இலையில் வைத்து நீட்டினான்.

"சாப்பிடுங்க மாதா."

வாய்ப்பழக்கம்தான். சொன்ன பிறகு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் நின்றபடியே முழுசும் தின்றுவிட்டு வந்தாள்.

பிறகு அப்பலராஜுவும் பைடிதல்லியும் சிம்மாசலம் மலையில் தாலி கட்டிக்கொண்டார்கள். நூகரத்தினம் துனியில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டாள். புறப்பட்ட அன்று நல்ல மழை. ஆட்டோக்காரர் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிடப் போனார். வேண்டாம் என்று கை காட்டினாள். தெருமுனை திரும்பும்வரை ஒரு தோள் மட்டும் நனைந்துகொண்டே போனது.