பெண் கேட்கும் கணினி

என் கணவர் ஹிக்மெத்துக்கு உலகத்தில் ஒரே எதிரி இரைச்சல். பழைய கணினிகளைப் பழுது பார்க்கிறேன் என்று துருக்கியின் இஸ்மிரில் எங்கள் வீட்டு பால்கனியையே வளைத்துப் போட்டுக்கொண்ட மனிதர், பாட்டு ஓடும்போது கேட்கமாட்டார். பாட்டு நின்ற பிறகு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, "இஸ்ஸுன்னு கேக்குது பாரு சேவிம்" என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. என் காதுதான் சரியில்லையாம்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் பக்கத்துத் தெரு சுவாவி அண்ணன் தன் பழைய கொமடோர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். போன வருடம் தொண்டையில் புற்றுநோய் வந்து அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சொல்ல வேண்டியதைக் கைபேசியில் எழுதிக் காட்டுவார். சனிக்கிழமை சாயங்காலம் மகன் ஓனத்துக்குப் பெண் கேட்கப் போகிறார்கள். அதை வாய்விட்டுக் கேட்பது பையனின் தகப்பன் கடமை.

"உங்க மச்சினரு கேக்கட்டுமே அண்ணே," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு எழுதினார். 'எனக்குக் கல்யாணம் பேசுனப்போ அப்பா உயிரோட இல்லை. அப்பா பேசுற மாதிரியே இந்தக் கணினியில என் குரலைப் பதிஞ்சு பெண் கேட்டேன். மாமனார் விழுந்து விழுந்து சிரிச்சுட்டுக் கொடுத்தார். அந்த நிரல் இருக்கிற கேசட் இன்னும் இருக்கு, ஆனா அது இந்தக் கணினியிலதான் பேசும். என் மகனுக்கும் நானே கேக்கணும்.'

ஹிக்மெத் கேசட்டை ஓடவிட்டார். வாணலியில் மீன் பொரிகிற மாதிரி இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு வாலிபக் குரல் வந்தது.

"இதோட போனா பொண்ணு வீட்டுல சிரிப்பாங்க. விட்டுட்டுப் போங்கண்ணே, கண்ணாடி மாதிரி பண்ணித் தரேன்," என்றார் இவர்.

காய்ந்துபோன மின்தேக்கிகளையெல்லாம் மாற்றினார். ஒலிக்கான சிப்பைக் கழற்றிவிட்டு, அதே சிப்பின் பிந்தைய, சுத்தமான வகையைப் பொருத்தினார். ஏதோ ஒரு விளையாட்டின் பாட்டைப் போட்டார். அது நிஜமாகவே தேனாக ஓடியது. அது நின்றதும், "இப்ப கேளு, ஒண்ணுமே இல்ல!" என்று குதித்தார். ஒன்றுமே இல்லாததைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்களை இவர் கூட்டத்தில்தான் பார்க்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் சுவாவி அண்ணன் கோட்டும் சூட்டுமாக, பூங்கொத்தும் சாக்லேட் பெட்டியுமாக வந்து நின்றார். கேசட் ஓடி முடிந்தது. சத்தமே இல்லை. ஒலியை முழுக்கத் திருகினால் எறும்பு முணுமுணுப்பது போல ஏதோ ஒன்று. அண்ணனின் கை தானாகத் தொண்டைக்குப் போனது. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திட்டீங்களே! குரலைப் போட்டுப் பாக்கவே இல்லையா?"

"பாட்டு நல்லா இருந்துச்சே..." என்று இழுத்தவர், நெற்றியில் அறைந்துகொண்டார். "ஐயோ! அந்தப் பழைய சிப்போட குறை மேல ஏறித்தானே இவரு பேசியிருக்காரு!"

அந்தச் சிப்புக்குப் பாடத்தான் தெரியும், பேசத் தெரியாது. ஆனால் பழைய வகையில் ஒலியளவை மாற்றும்போதெல்லாம் 'டிக்'கென்று ஒரு சத்தம் கசியும். அந்த டிக்குகளை ஆயிரக்கணக்கில் நெருக்கி அடுக்கித்தான் அண்ணன் தன் குரலைக் கட்டியிருக்கிறார். புதிய சிப்பில் அந்தக் கசிவு இல்லை, அதனால் குரலும் இல்லை.

நல்லவேளை, பழைய சிப் இழுப்பறையில் கிடந்தது. வேண்டாவெறுப்பாக வாங்குகிற மருந்தைப் போல இவர் அதைத் திரும்பப் பொருத்தினார். இரைச்சலும் வந்து சேர்ந்தது.

பெண்ணின் தகப்பன் ரிஃப்கி வீட்டில் காப்பி வந்தது. ஓனத்தின் கோப்பையில் மாப்பிள்ளையின் பொறுமையைச் சோதிக்கும் வழக்கப்படி உப்பை அள்ளிப் போட்டிருந்தார்கள், பையன் முகம் சுளிக்காமல் விழுங்கினான். டிவியோடு இணைத்த கணினியில் கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் இரைச்சலோடு அந்த வாலிபக் குரல் கிளம்பியது.

"ஆண்டவன் கட்டளைப்படி, நபிகள் வாக்குப்படி, உங்க மகளை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்."

சுவாவி அண்ணனின் உதடுகள் ஒவ்வொரு சொல்லோடும் அசைந்தன. ஓனத் தலையைக் குனிந்துகொண்டான். ஹிக்மெத்துக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்த இரைச்சலுக்கு மன்னிச்சுக்கணும் ரிஃப்கி அண்ணே."

"எந்த இரைச்சல்?" என்றார் ரிஃப்கி.

அவர் கணினியைப் பார்க்கவே இல்லை. எழுந்து வந்து சுவாவி அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கொடுத்தாச்சு சம்பந்தி. நீங்களே வாய்விட்டுக் கேட்ட பிறகு இல்லேன்னு சொல்வேனா?"