தொப்பி விழுவதற்குள்

எங்கள் ஊர்க் கல்குவாரியின் விளிம்பைத் தாண்டி யார் நடந்தாலும், கீழே பார்க்கும்வரை விழமாட்டார்கள்.

தினமும் பகல் பதினோரு மணிக்கு ஷெரீப் ரத்தினசபாபதி வெள்ளைக் குதிரையில், கொள்ளைக்காரர் மாசிலாமணியைத் துரத்திக்கொண்டு வருவார். மாசிலாமணி நேராகப் பார்த்தபடி பள்ளத்தைக் கடந்துவிடுவார். குதிரை விளிம்பிலேயே நின்றுவிடும். அதற்கு விவரம் தெரியும். ஷெரீப் மட்டும் இறங்கி, இரண்டு துப்பாக்கிகளையும் விரலில் சுழற்றிக்கொண்டு வெறும் காற்றின்மேல் ஓடுவார். பாதி தூரம் போனதும் எதிர்க்கரையிலிருந்து மாசிலாமணி, "சார், பூட்ஸ் கயிறு அவுந்திருக்கு" என்பார். தினமும் அதேதான் சொல்வார். ஷெரீப் குனிந்து பார்ப்பார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒருமுறை கையசைத்துவிட்டு விழுவார்.

இருநூறு அடி. அவர் விழுந்து முடிக்க, நிதானமாக ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகும். அதுவரை தொப்பி மேலேயே நிற்கும். அவர் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் அது கிளம்பும். பாறையில் அவர் உருவத்திலேயே கைகால் விரித்தபடி குழி விழும். அதிலிருந்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு வருவார். அவருக்கு அப்படி. மற்றவர்களுக்கு அப்படி இல்லை. போன தை மாதம் எங்கள் வீட்டு ஆடு விழுந்தது. எழவில்லை.

என் மகன் தர்ஷித்துக்கு அப்போது பதினோரு மாதம். நடக்கத் தொடங்கி நான்கு நாள். வேடிக்கை காட்டினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அதனால் பருப்புச் சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக்குக் குவாரிக்குப் போவேன். ஊரே அங்கே நிற்கும். நான் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த இரண்டு வருடத்தில் இந்த ஊரைக் கால்களாகத்தான் தெரியும். பெருவிரல் நகம் கறுத்த கால் என் மூத்தார், கணவரின் அண்ணன். மிஞ்சி தேய்ந்த கால் மாமியார். ஷெரீப்பின் முகத்தை, அவர் விளிம்புக்குக் கீழே போகும்போது மட்டும் பார்ப்பேன். தொப்பி அந்தரத்தில் நிற்பதை நான் பார்த்ததில்லை. அதன் நிழலைப் பார்த்திருக்கிறேன்.

அன்று அடுத்த வாய்க்கு உருட்டிக்கொண்டு கையை நீட்டினேன். வாய் இல்லை. விளிம்புக்கு அப்பால் இரண்டு சின்னப் பாதங்கள், காற்றில், தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. தொப்பியைப் பிடிக்கப் போகிறான்.

"யாரும் சத்தம் போடாதீங்கப்பா. புள்ள குனிஞ்சிரப் போகுது" என்றார் மூத்தார்.

தொப்பி நிற்கும்வரை அவன் மேலேதான் பார்ப்பான். தொப்பி விழுந்தால் அவன் கண்ணும் அதோடு போகும். ஷெரீப் தரையைத் தொட்டால் தொப்பி விழும். எட்டிப் பார்த்தேன். ஷெரீப் முக்கால் பள்ளம் இறங்கியிருந்தார்.

கீழே பார்த்தால் விழுவோம் என்றால், மேலே பார்த்தால் நின்றுவிட வேண்டும். இதை அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

"சார்! மேல பாருங்க சார்!"

என் குரலை ஊர் கேட்டது அன்றுதான். ஷெரீப் மேலே பார்த்தார். தரைக்கு ஒரு பனைமர உயரத்தில் நின்றுவிட்டார். தொப்பியும் நின்றது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளிம்பில் கால் வைத்தேன். குதிரை கடிவாளத்தை மென்றபடி, "தலையத் தூக்கிக்க தாயி. மத்தது தானா நடக்கும்" என்றது.

தூக்கிக்கொண்டேன்.

துணி காயப்போடும்போது கொடிக்கு மேலே கொஞ்சம் வானம் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. ஒரு பருந்து சிறகை அசைக்காமல் நின்றது. அதற்கும் மேலே இன்னொன்று நின்றது. அதற்கு மேலும் இடம் இருந்தது. காலடியில் காற்று, வைக்கோல்போர் போல லேசாக அமுங்கிக் கொடுத்தது. பாதி வழியில் என் வலது கொலுசு கழன்றது. அது விழுந்த சத்தம் வரவில்லை. குனிந்து பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. எதிர்க்கரையில் மாசிலாமணி முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டையை இறக்கிவிட்டு வாய் திறந்தார். பிறகு கைக்குட்டையை மறுபடி வாய்க்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

மகனின் கைக்கும் தொப்பிக்கும் நான்கு விரற்கடை இருந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். தொப்பியை எடுத்து அவன் கண் மறையும்படி கவிழ்த்தேன். சிரித்தான்.

திரும்பியபோது ஊராரின் முகங்களைப் பார்த்தேன். எல்லாம் அந்தந்தக் கால்களுக்குப் பொருத்தமாகவே இருந்தன. மூத்தார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குவாரி மேட்டில் இருக்கிறது, எங்கள் தெரு சரிவில். நான் குனியவில்லை, அதனால் இறங்கவும் இல்லை. நேராக நடந்து எங்கள் வீட்டு ஓட்டுக்கு மேலே வந்து நின்றேன்.

"ஏ புள்ள, சோத்துக்கு என்ன பண்ணுவ?" என்று கீழிருந்து மாமியாரின் குரல் கேட்டது. முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியில் தூக்குவாளியை மாட்டி நீட்டினார். தடவி வாங்கிக்கொண்டேன். தொப்பிக்குள்ளிருந்து மகன் வாயைத் திறந்தான். வேடிக்கை எதுவும் காட்டாமலே சாப்பிட்டான்.

ஷெரீப் இன்னும் மேலே பார்த்தபடியே நிற்கிறாராம். மாசிலாமணி ஏணி போட்டு டீ கொடுத்தாராம்.

"உன் குதிங்கால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இத்தன நாளா சொல்லவே இல்லையேடி" என்றார் மாமியார். பிறகு துரட்டியின் நுனியில் துணியைச் சுற்றி, விளக்கெண்ணெயில் தோய்த்து, வாசலில் நின்றபடியே என் பாதத்தில் தேய்க்கத் தொடங்கினார்.