கழுத்தில் ஒரு விரல் இடம்

சிலிண்டரைத் திறப்பதற்கு முன்பே தண்ணீர் குமிழி விட்டது. சோடா அக்கா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். எவர்சில்வர் தொட்டியில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, தெளியட்டும் என்று விட்டிருந்தாள். அந்த நேரத்தில் தண்ணீருக்கு ஒரு வேலையும் கிடையாது, சும்மா கிடக்க வேண்டியதுதான். ஆனால் அடியிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ கிளம்பி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீருக்குள் வாயுவை அடைத்து விற்கிறவள் அவள். தான் அடைக்காத வாயு உள்ளே இருந்தால் தெரியாமலா போகும்?

கடை என்று சொல்வது வீட்டின் முன் அறையைத்தான். ஒரு மெஷின், இரண்டு சிலிண்டர், மூடி அழுத்துகிற கைப்பிடி, சுவரோரம் பெட்டி பெட்டியாகப் பாட்டில்கள். பின்பக்கம் கிணறு. அப்பா அம்மா போன பிறகு அவள் கையில் மிஞ்சியது அந்த மெஷின், அந்தக் கிணறு, எட்டு வயதுத் தம்பி. மூன்றையும் அவள்தான் ஓட்டினாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். படிப்பு முடிந்தபோது பேச்சு வருவது நின்றுபோயிருந்தது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கோபம் உண்டு, வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு வாளியோடு வந்து நின்றார். "எங்க போர்த் தண்ணிக் குழாயில பால் மாதிரி வருதுக்கா. என் பொண்டாட்டி குளிக்கப் போனவ தலை சுத்தி உக்காந்துட்டா." சொல்லிவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு தீக்குச்சியைக் கிழித்து வாளிக்கு மேல் காட்டினார். நீலமாக ஒன்று குப்பென்று ஓடி அணைந்தது. அதோடு அவருடைய புருவத்தில் பாதியும் போயிற்று. வேறு நாளாக இருந்தால் அக்கா வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் கம்பெனி வந்தது. பூமிக்கு அடியில், ஒரு மைலுக்கும் கீழே, பாறைக்குள் எரிவாயு அடைந்து கிடக்கிறதாம். துளை போட்டு, தண்ணீரும் மணலும் மருந்தும் கலந்து உள்ளே செலுத்தி, பாறையை உடைத்து எடுப்பார்களாம். அவர்களால் நன்மையே வரவில்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். குண்டும் குழியுமாகக் கிடந்த சாலை கண்ணாடி மாதிரி ஆனது. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்தது. தையல்காரருக்கு வருடம் முழுவதும் யூனிஃபார்ம் ஆர்டர். சோடா அக்கா நாளுக்கு இரண்டு பெட்டி விற்க முக்கி முனகியவள், துளை போடும் இடத்துக்கு மட்டும் இருபது பெட்டி அனுப்பினாள். எல்லாவற்றையும்விட, வேதியியல் படித்துவிட்டு நான்கு வருடம் வீட்டுக் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்த தம்பிக்கு வேலை கிடைத்தது. சோதனைக்காகத் தண்ணீர் மாதிரிகளைச் சேகரிக்கிற வேலை.

கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. துளை போடும் முன் ஒவ்வொரு வீட்டுத் தண்ணீரையும் சோதித்து அளவைப் பதிந்து வைப்போம். பின்னால் தண்ணீர் கெட்டால் அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். தப்பு எங்கள் பக்கம் என்றால் வெளியூரிலிருந்து குழாய் போட்டு வீடு வீடாக நல்ல தண்ணீர் தருவோம். கூட்டத்தில் எல்லாரும் தயங்கியபோது எழுந்து நின்று பேசியவள் அக்காதான். "சோதிக்கப்போறது யாரு? என் தம்பி. என் கையால சோறு தின்னு வளந்தவன். அவன் உங்க தண்ணியில மண்ணப் போடுவானா?" கூட்டம் சிரித்தது, கையெழுத்துப் போட்டது.

அடுத்த திங்கட்கிழமை காலை தம்பி நாற்பத்தொரு கண்ணாடிப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தான். நாற்பத்தொரு வீடு, வீட்டுக்கு ஒன்று.

"ரெண்டு நாள்ல முடிக்கணும்க்கா. நான் புடிச்சா பாதி தரையிலதான் போகும். நீ புடிச்சு மூடிக் குடு, நான் லேபிள் ஒட்டிக்கறேன். பாட்டில் விஷயத்துல உன்ன மிஞ்ச ஆள் இருக்கா?"

ஐஸ் வைக்கிறான் என்று தெரிந்தேதான் அவள் உருகினாள். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். வீடு வீடாகப் போய்க் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் நிரப்பி, கழுத்தில் ஒரு விரல் இடம் விட்டு மூடினாள். இடம் விடுவது அவள் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. சோடா பாட்டிலைத் ததும்ப ததும்ப நிரப்பினால் வெயிலில் வெடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் மாதம் ஒன்று வெடித்து முழங்கையில் ஏழு தையல் போட்டார்கள். அதிலிருந்து கை தானாகவே அந்த இடத்தில் நின்றுவிடும். "அளவெடுத்த மாதிரி இருக்கே!" என்று வீட்டுக்கு வீடு மெச்சினார்கள். தம்பி லேபிள் ஒட்டிக்கொண்டே பின்னால் வந்தான். அவனைப் பார்த்து அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது அந்த அளவுதான் கைகொடுக்கும் என்று சோடா அக்காவும் தையல்காரரும் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். கிணறு போனால் அவள் தொழில் போச்சு. அது மட்டுமா, குழந்தைகளைக் குளிப்பாட்டவே பயந்துகொண்டு நாற்பத்தொரு வீடும் இவர்கள் என்ன செய்தி கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தது. அதிகாரியாக இருந்த பெண்மணி மரியாதையாக உட்காரச் சொன்னாள், டீ வரவழைத்தாள், ஒரு கோப்பைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட முகத்தில் ஒரு வருத்தத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"துளை போடறதுக்கு முன்னாடி எடுத்த அளவுன்னு எதுவும் இல்லைங்களே. ஆய்வகம் நாப்பத்தொரு பாட்டிலையும் தள்ளிடுச்சு."

"ஏன்?"

"தண்ணியில கரைஞ்ச வாயுவ அளக்கணும்னா பாட்டில்ல துளி காத்துகூட இருக்கக் கூடாதுங்க. இடம் விட்டா, தண்ணியில இருக்கறது அந்த இடத்துக்கு வந்து உக்காந்துக்கும். மூடியத் திறந்ததும் ஓடிடும். அப்புறம் எவ்வளவு இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது." ஒரு புகைப்படத்தைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, எல்லாத்துலயும் ஒரே மாதிரி."

நாற்பத்தொரு பாட்டில்கள். நாற்பத்தொரு கழுத்து. ஒவ்வொன்றிலும் ஒரு விரல் இடம். தன் கையெழுத்தை வேறொருவன் கடிதத்தில் பார்த்தது போல இருந்தது அக்காவுக்கு.

"திரும்ப எடுக்கறதுதானே?" என்றார் தையல்காரர்.

"எடுக்கச் சொல்லி உடனே கடிதம் போயிருக்கு. குடியிருக்கிறவங்க யாரும் சம்மதிக்கலன்னு சாம்பிள் எடுத்தவர் பதில் எழுதியிருக்கார். இதோ, கையெழுத்து."

"எங்கள யாரு வந்து கேட்டா? ஒரு ஈ காக்கா வரலையே!"

"பதிவுல அப்படித்தாங்க இருக்கு. உங்க தண்ணியில முன்னாடியே வாயு இருந்திருக்கலாம். இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்."

கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே அக்காவுக்கு இல்லை. அந்த எழுத்தைக் கைபிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான். வெளியே வந்ததும், "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்று தையல்காரரை அனுப்பிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

கம்பெனி கொடுத்த வீடு. தம்பி இப்போது மேற்பார்வையாளர். சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். தம்பி மனைவி சமையலறையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் அதைக் கேனிலிருந்து சாய்த்துப் பிடித்ததை அக்கா பார்த்தாள். பக்கத்தில் இன்னும் மூன்று கேன்கள் நின்றன.

"எப்போலேர்ந்து கேன் தண்ணி?"

"ரெண்டு வருஷமா அண்ணி," என்றாள் தம்பி மனைவி வெள்ளந்தியாக. "குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம்னுட்டாரு."

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசிவிட்டுப் போனவன். கிணற்றுத் தண்ணீரை அவள் மொண்டு குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அக்கா டம்ளரைத் தொடவில்லை. அவன் மனைவியை உள்ளே போகச் சொன்னான்.

"நான் இடம் விட்டு மூடினது தப்புன்னு உனக்கு எப்போடா தெரியும்?"

"ஆய்வகத்துலேர்ந்து வந்தப்போதான்க்கா."

"என் கண்ணப் பாத்துச் சொல்லு."

அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான். "முதல் வீட்டுலயே பாத்தேன்" என்றான்.

"முதல் வீட்டுலயேவா? அப்போ ஏன்டா சொல்லல?"

அவன் சமையலறைக் கதவைச் சாத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சொல்லியிருந்தா நீ நாப்பத்தொண்ணையும் சரியா புடிச்சிருப்பக்கா."

அவளுக்கு அது உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவள் கை தேர்ந்த கை என்று அவன் கூப்பிடவில்லை. அந்தக் கை எங்கே நிற்கும் என்று எட்டு வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அது தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறான்.

"மேல யாரும் நேரா சொல்லலக்கா. ஆரம்ப அளவு இல்லாம இருந்தா நல்லதுன்னு பேசிக்கிட்டாங்க, என் காதுல விழுந்துச்சு. நான் புடிச்சுக் கெடுத்தா என் வேலை போகும். நீ புடிச்சா தெரியாம நடந்த தப்பு. பேப்பர்ல நான்தான் புடிச்சேன்னு எழுதியிருக்கேன், உன் பேரு எங்கயும் வராது. உன்ன காப்பாத்தித்தான் வெச்சிருக்கேன்."

"என்னக் காப்பாத்தினியா?"

"தினம் ஒரு லாரி தண்ணி உன் கடைக்கு வர மாதிரி பண்றேன். உனக்கு மட்டும். நீ வாயத் திறக்காம இரு, போதும். அந்த இருபது பெட்டி சோடா ஆர்டர் மட்டும் சும்மாவா வந்துச்சுன்னு நெனைக்கிற?"

அவனை அறைய வேண்டும் போல இருந்தது. சின்ன வயதில் பொய் சொன்னால் அறைந்திருக்கிறாள், அறைந்துவிட்டு அவனோடு சேர்ந்து அழுதும் இருக்கிறாள். இன்று கையே எழவில்லை. "நான் தெருவுல சொல்லத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

மாலையில் தையல்காரர் கடையில் ஏழு பேர் கூடியிருந்தார்கள். தைத்து முடிக்காத யூனிஃபார்ம்கள் குவியலாகக் கிடந்தன; உட்கார இடம் இல்லாமல் பாதிப்பேர் நின்றார்கள். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. பாட்டிலைப் பிடித்தது தான், இடம் விட்டது தான், தம்பி தெரிந்தே விட்டான், யாரும் சம்மதிக்கவில்லை என்று பொய் எழுதினான், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது தொண்டை வறண்டிருந்தது. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

"அதுக்குத்தானா தினம் இருபது பெட்டி?" என்றாள் தையல்காரர் மனைவி.

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

"கூட்டத்துல எழுந்து பேசினதும் நீ. வீடு வீடா வந்து புடிச்சதும் நீ. இன்னிக்கு மாட்டிக்கிட்டதும் பழியத் தம்பி தலையில போடற. நாங்க என்ன காதுல பூ வெச்சிருக்கோமா?"

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"உன் எழுத்த யாருக்கா நம்புவா?" என்றார் தையல்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. "அவன் இல்லன்னுடுவான். நீ சொன்னதுக்கு என்ன சாட்சி இருக்கு?"

அப்போது அவள் கைபேசி அடித்தது. தம்பி. எல்லாருடைய கண்ணும் அதன் மேல் விழுந்தது. வழக்கமாக அவன் பெயரைப் பார்த்ததும் மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். இன்று ஏழெட்டு மணி அடிக்கவிட்டாள். பிறகு நூல்கண்டுகளை ஒதுக்கி, தையல் மேசை மேல் கைபேசியை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்கா? சொல்லிட்டியா? அக்கா, சொல்லிடாதக்கா, உன் கால்ல விழறேன்." அவன் அழுதுகொண்டிருந்தான். எட்டு வயதில் அழுத அதே அழுகை. "நான் ஏன் அப்படி எழுதினேன்னு உன்கிட்ட முழுசா சொல்லிடறேன். யாரு எழுதச் சொன்னாங்க, எல்லாம் சொல்லிடறேன். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

சோடா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். ஏழு பேரும் கைபேசியை நோக்கிக் குனிந்திருந்தார்கள்.

"யாரும் இல்லடா கண்ணு," என்றாள். "நீ சொல்லு."